டோக்கன் கையில் இருக்கு, வண்டி விட இடம்தான் இல்லை: தர்மபுரியில் வைத்தியத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி டவுனில் கிளினிக்கும் லேபும் ஸ்கேன் சென்டரும் வரிசைகட்டி நிற்கும் ஒரு தெருவில் 19 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன்பே பாதிப் பேர் கேட்பது, "அண்ணா, வண்டி இங்க விடலாமா?" என்பதைத்தான். அதிலிருந்து கிளைவிட்டு இன்னும் பத்துக் கேள்வி வரும். கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் சொல்வது தர்மபுரியைப் பற்றி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வண்டி நிறுத்த இடமில்லை என்பதற்காக யாராவது வைத்தியம் பார்க்காமல் திரும்புவார்களா? கொஞ்சம் ஓவராக இல்லையா?

திரும்புகிறார்கள். வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எக்ஸ்எல் வண்டியில் வந்தார். பின்னால் அவர் சம்சாரம். வலது காலில் கட்டு, அதன் மேல் பாலித்தீன் பை சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. சர்க்கரைப் புண். என் கடை வாசலில் ஏற்கெனவே இரண்டு வரிசை பைக். லேப் முன்னால் நிறுத்தப் போனால் லேப் பையன் விரட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன், "பேஷண்ட்டை இறக்கிட்டு வண்டிய எடுங்க" என்றார். இறக்கலாம், ஆனால் அந்த அம்மா ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்பார்? பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள் இல்லை. பெரியவர் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் என் கடை முன் இன்ஜினை அணைக்காமலே பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வர்றோம் தம்பி" என்று போய்விட்டார். அந்த நாளை வர ஒன்பது நாள் ஆயிற்று. அப்போது டாக்டர் பார்த்துவிட்டு சேலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நெஞ்சுவலிக்காரர் இப்படித் திரும்புவதில்லை. காரை நடுரோட்டில் விட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். திரும்புவது யாரென்றால், இன்றைக்குப் பார்க்காவிட்டாலும் உயிர் போகாது என்று நினைப்பவர்கள்தான். புண்ணுக்குக் கட்டு மாற்ற வருபவர், மாதாந்திர பிரஷர் செக்கப், மூன்றாவது மாத ஸ்கேன், நாய் கடித்து மூன்றாவது ஊசிக்கு வருபவர். முதல் இரண்டு ஊசியோடு நின்றுவிட்டவர்களை எனக்கே தெரியும். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துப் போடுகிற ஊசி அது. ஒரு நாள் தவறினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மனசு வந்துவிடும்.

இன்னொன்று, வெளியில் தெரியாதது. இடம் இல்லாத ஊரில் நோயாளிக்கு ஒரு துணை போதாது, வண்டிக்கும் ஒரு துணை வேண்டும். ஒருவர் உள்ளே டோக்கனோடு, ஒருவர் வெளியே வண்டியோடு. போலீஸ் வந்தால் நகர்த்த, பின்னால் இருப்பவர் எடுக்க வந்தால் வழிவிட. ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்த பெண்கள்கூடத் தனியாக வராமல், வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டாவது ஆளின் ஒருநாள் சம்பளமும் போகிறது. டாக்டர் பீஸைவிட அது பெரிய தொகை.

தர்மபுரி சின்ன ஊர்தானே, எப்படி இவ்வளவு நெரிசல்?

ஊர் சின்னதுதான். 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் 70 ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் மாவட்டத்தில் 15 லட்சம் பேர். அதில் ஐந்தில் நாலு பேர் கிராமத்துக்காரர்கள். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எங்கிருந்தாலும் ஸ்பெஷலிஸ்ட் என்றால் தர்மபுரிக்குத்தான் வர வேண்டும், இல்லை சேலம், பெங்களூர். அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் இங்கே வந்தது. அதன் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே எங்கோ இல்லை, நேதாஜி பைபாஸ் ரோட்டில், ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பெயரில்தான் பைபாஸ். இப்போது அது ஊரின் கடைவீதி மாதிரி. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தைச் சுற்றித்தான் டாக்டர்கள் கிளினிக் போடுவார்கள், கிளினிக்கைச் சுற்றி லேப், லேபைச் சுற்றி எங்களைப் போன்ற கடைகள். 70 ஆயிரம் பேருக்கு அளவெடுத்த சட்டையை 15 லட்சம் பேர் போட்டுக்கொள்கிறோம்.

திங்கட்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு முழுக்க வீட்டில் பொறுத்துக்கொண்டவர்கள் அன்றைக்கு வருவார்கள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்று மனு வாங்குவதும் அன்றைக்குத்தான். மனுவோடு வந்த கையோடு அப்பாவுக்கு சுகரும் பார்த்துவிடலாம் என்று வருபவர்கள் நிறைய. அதோடு முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் நான் கடையைத் திறப்பதற்கே வண்டியை நகர்த்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

கிருஷ்ணகிரியில் மெடிக்கல் காலேஜை ஊருக்கு வெளியே கட்டினார்களே, அங்கே பிரச்சினை தீர்ந்ததா?

இடப் பிரச்சினை குறைந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. போலுப்பள்ளியில் இருக்கிறது. கார் வைத்திருப்பவருக்கு நிம்மதி. ஆனால் கார் இல்லாதவர் முதலில் டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து போலுப்பள்ளிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். என் மச்சினன் பர்கூர்ப் பக்கம் இருக்கிறான். "முன்ன வண்டி விட இடம் தேடினோம், இப்ப பஸ்ஸத் தேடறோம்" என்பான். வண்டிக்காரரின் கஷ்டம் நடந்து வருபவரின் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தர்மபுரியிலும் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று பேசுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரி கட்டினால் பார்க்கிங் விட வேண்டும் என்று சட்டம் இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. எந்த மாதிரிக் கட்டடத்துக்கு எத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பிளானிலும் அந்த இடத்தைக் காட்டித்தான் அனுமதி வாங்குகிறார்கள்.

அந்த இடம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மூன்று வழியில் போகிறது. முதலாவது, தரைத்தளத்தில் தூண் மட்டும் நிற்கும்படி விட்ட இடத்துக்கு இரண்டு வருடம் கழித்து ஷட்டர் வரும். உள்ளே பார்மசி, கேன்டீன், சில நேரம் எக்ஸ்ரே அறை. இரண்டாவது, இடம் இருக்கும், ஆனால் டாக்டர்கள் கார், ஜெனரேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர், பழைய கட்டில் எல்லாம் போக மிச்சம் நாலு பைக்குக்குத்தான் இருக்கும். மூன்றாவதுதான் இங்கே அதிகம். அது வீடாகக் கட்டியது. முன்னறை டாக்டர் ரூம், ஹால் காத்திருக்கும் இடம், போர்ட்டிகோ மருந்துக் கடை. குடும்பம் ஒன்று இருந்தபோது வாசலில் இரண்டு வண்டி நின்ற வீட்டுக்கு இப்போது ஒரே நேரத்தில் முப்பது வண்டி வருகிறது.

யோக்கியன் மாதிரி பேசுகிறேனே தவிர, என் கடைக்கு முன்னால் நான் போட்ட சிமெண்ட் சரிவும் பெயர்ப் பலகையும் சேர்ந்து மூன்று பைக் நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. பலகையைச் சுவரில் மாட்டிவிட்டேன். சரிவை இடிக்கவில்லை, வீல்சேர் ஏற அது வேண்டும்.

சரி, ஒரு கிளினிக்குக்கு நிஜமாக எவ்வளவு இடம் தேவைப்படும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டாக்டர் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை 60 பேரைப் பார்க்கிறார் என்று வையுங்கள். மணிக்கு 20 பேர். ஒவ்வொருவரும் வந்து, காத்திருந்து, பார்த்து, மருந்து வாங்கிக் கிளம்ப ஒன்றரை மணி நேரம். அப்படியானால் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் அங்கே 30 பேர் இருப்பார்கள். ஐந்தில் நாலு பேர் சொந்த வண்டியில் வந்தால் 24 வண்டி. அதில் 20 பைக், 4 கார் என்று கொள்வோம்.

ஒரு பைக்குக்கு எடுத்து வைக்கும் இடைவெளியோடு சேர்த்து 2 சதுர மீட்டர், மொத்தம் 40. ஒரு காருக்கு இரண்டரைக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர், நாலு காருக்கு 50. ஆக 90 சதுர மீட்டர், இரண்டு சென்ட்டுக்கு மேல். வண்டி திரும்பும் இடத்தையும் சேர்த்தால் மூன்று சென்ட்டைத் தாண்டும். 20 பைக்கைவிட 4 கார் அதிக இடத்தை அடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். இந்தத் தெருவில் மூன்று சென்ட் என்ன விலை என்று ஊருக்கே தெரியும். எந்த டாக்டரும் வாங்கி வண்டிக்கு விட மாட்டார்.

இப்போது அதே கணக்கில் ஒன்றரை மணி நேரத்தை அரை மணி நேரமாக்குங்கள். வருபவர் அதே 60 பேர்தான். ஆனால் ஒரு நேரத்தில் இருப்பவர் 10 பேர், வண்டி 8. ஒரு சென்ட்கூட வாங்காமல் தெருவில் மூன்றில் இரண்டு பங்கு வண்டி காணாமல் போய்விட்டது.

நம் ஊரில் எல்லோரும் நிலத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது நேரத்தை. நோயாளி உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவர் வண்டியும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

டோக்கன் முறைதான் இருக்கிறதே, அப்புறம் ஏன் கூட்டம்?

டோக்கனில் நம்பர் இருக்கிறது, நேரம் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வந்து 43-ஆம் நம்பர் வாங்கிப் போகிறவருக்கு அது எத்தனை மணிக்கு என்று தெரியாது. "ஆறு மணிக்கு வந்துடுங்க" என்பார்கள். 1-ஆம் நம்பருக்கும் அதே ஆறு மணி, 60-ஆம் நம்பருக்கும் அதே ஆறு மணி. டாக்டர் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ஒரு கேஸ் முடித்துவிட்டு ஏழுக்கு வருவார். அதற்குள் தெரு அடைத்துவிடும். டோக்கன் வாங்கக் காலையில் ஒரு தடவை வண்டி வருகிறது, சாயங்காலம் மறுபடி வருகிறது. ஒரு வைத்தியத்துக்கு இரண்டு பார்க்கிங்.

பக்கத்தில் ஒரு குழந்தை டாக்டர் இதை மாற்றினார். காலை எட்டு மணிக்கு போனில் டோக்கன். ஒவ்வொரு பத்து நம்பருக்கும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு டாக்டர் தாமதம் என்றால் நர்ஸ் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவார். ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை, எல்லோரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு மாதம் ஆனது பழக. இப்போது அந்த வாசலில் சாயங்காலம் எட்டுப் பத்து வண்டிக்கு மேல் நான் பார்ப்பதில்லை. காசு செலவில்லை, கமிஷனர் கையெழுத்து வேண்டாம்.

மற்ற டாக்டர்கள் ஏன் செய்வதில்லை? நான் பார்த்தவரை ஒரு காரணம், வாசலில் கூட்டம் நின்றால்தான் கைராசிக்காரர் என்று ஊர் நம்புகிறது. அது அவர்களுக்கும் தெரியும்.

சுகர் டெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம் வண்டி நிற்க வேண்டியிருக்கும்?

வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். போக வர எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்ப்பதென்றால் அது தனி. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. இவர்கள் தெருவில் நிறுத்தாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காசு கொடுத்து நிறுத்தும் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வருவது நல்லது. முதல் ரத்தம் மட்டும் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பஸ்ஸில் வந்துவிடலாமே?

வரலாம், வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதற்குப் பிறகு காலை நேரத்தில் வயதான அம்மாக்கள் தாங்களாகவே வருவது கூடியிருக்கிறது, என் கண்ணால் பார்த்த மாற்றம். ஆனால் டாக்டர் இருப்பது சாயங்காலம். 43-ஆம் நம்பர் முடியும்போது எட்டே முக்கால். அதற்கு மேல் ஏரியூர்ப் பக்கமோ சித்தேரிப் பக்கமோ போகிறவருக்கு என்ன பஸ் இருக்கும்? கடைசி பஸ்ஸைப் பிடிக்க டோக்கனை விட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. காலில் கட்டோடு படி ஏற முடியாதவர், வாந்தி எடுக்கும் குழந்தை, நிறைமாதக்காரி, இவர்களுக்கு பஸ் சரிப்படாது.

அவசரம் என்றால் காரை எங்கே விடுவது?

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். 2008-இலிருந்து ஓடுகிற இலவச வண்டி, இன்னும் சிலர் காசு கேட்பார்களோ என்று பயந்து சொந்தக் காரில் கிளம்புகிறார்கள். 108-இல் போனால் வண்டி நிறுத்தும் கவலையே கிடையாது, வழியிலேயே முதலுதவியும் ஆரம்பித்துவிடும்.

சொந்தக் காரில்தான் போகிறோம் என்றால் ஓட்டுபவர் தவிர இன்னொருவராவது வாருங்கள். அவசரப் பிரிவு வாசலிலேயே நிறுத்தி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் ஓட்டுபவர் வண்டியை எடுத்துவிட வேண்டும். கூடப் போகிற ஆளிடம் ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றையும் காரிலேயே கொடுத்துவிடுங்கள். கார் ஒரு தெருவில், காகிதம் காருக்குள், டாக்டர் கேட்பது மூன்றாவது மாடியில் என்று ஆகிவிடக் கூடாது.

இது எனக்கே நடந்தது. அப்பாவுக்கு விடியற்காலை வாய் கோணிவிட்டது. நான் மட்டும்தான். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியாதா? ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். செக்யூரிட்டி கண்ணாடியைத் தட்டி, "டாக்டர் கார் வரும், எடுங்க" என்றார். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இடம் தேடிப் போய், திரும்பி நடந்து வர இருபத்தைந்து நிமிடம். அதுவரை அவர் யாருடைய அப்பா என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, நேரத்துக்குள் ஆயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் சொல்பேச்சுக் கேட்காது.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் வண்டி நிறுத்தியிருந்தால்?

வழிவிடாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில்கூட உண்டு. ஆனால் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸை மறிப்பது ஓடுகிற வண்டி இல்லை, ஆள் இல்லாமல் நிற்கிற வண்டி. ஹேண்டில் லாக் போட்ட ஒரு பைக்கை ஓரமாகத் தூக்கி வைக்க மூன்று ஆள் வேண்டும். தூக்கியிருக்கிறோம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் உண்டா?

இருக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுமக்கள் வரும் கட்டடங்கள் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையில் அவர்கள் காருக்கு 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், வாசலில் இருந்து 30 மீட்டருக்குள் என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். அகலம் கூடுதலாகக் கேட்பது கதவை முழுக்கத் திறந்து வீல்சேரைப் பக்கத்தில் கொண்டுவர.

நடைமுறையில் நான் பார்ப்பது வேறு. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அரசு கொடுத்த, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருவார். சாதாரண பைக் நுழைகிற சந்தில் அந்த வண்டி நுழையாது. தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வரவும் அவரால் முடியாது. அதனால் உள்ளே போவதே இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிப்பார், நான் சீட்டை வாங்கிப் பழைய மருந்தையே கொடுப்பேன். டாக்டர் அவரை நேரில் பார்த்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. கொடுப்பது தப்பு என்று தெரியும். கொடுக்காவிட்டால் மாத்திரையும் நின்றுவிடும்.

"நோ பார்க்கிங்" பலகை வைத்திருக்கிறார்களே, அங்கே நிறுத்தினால் அபராதமா?

பலகையை யார் வைத்தது என்று பாருங்கள். போலீஸோ நகராட்சியோ வைத்தது என்றால் செல்லும். கடைக்காரரோ வீட்டுக்காரரோ பொதுரோட்டில் தானாக வைத்த பலகைக்கும், டயரில் சிமெண்ட் ஊற்றி நட்ட கம்பிக்கும் சட்ட மதிப்பு இல்லை. அதற்காக ஒருவர் கேட்டை அடைத்து நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை, அது தனிக் குற்றம். ஆஸ்பத்திரி வாசலும் அப்படித்தான். தடை உள்ள இடத்தில் நிறுத்தினால் முதல் தடவை 500, அடுத்த தடவையிலிருந்து 1,500 ரூபாய். 2022 அக்டோபரிலிருந்து இந்தக் கட்டணம். தூக்கிக்கொண்டு போனால் அந்தச் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

யாரிடம் புகார் கொடுப்பது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. ரோட்டில் குறுக்கே நிற்கிற வண்டி என்றால் போக்குவரத்துப் போலீஸ், அவசரம் என்றால் 100. ரோட்டோர ஆக்கிரமிப்பு, சிமெண்ட் சரிவு, கம்பி இதற்கெல்லாம் நகராட்சி ஆணையர். ஊராட்சிப் பகுதி என்றால் பி.டி.ஓ. ஆபீஸ்.

ஆஸ்பத்திரியின் பார்க்கிங் இடமே கடையாகிவிட்டது என்று சந்தேகம் இருந்தால் சண்டை போடாதீர்கள், காகிதத்தால் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு. "இந்த முகவரியில் உள்ள கட்டடத்துக்கு அனுமதித்த வரைபட நகலும், அதில் வாகன நிறுத்தத்துக்குக் காட்டிய இடத்தின் அளவும் வேண்டும்" என்று நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடம் கைக்கு வந்த பிறகு கொடுக்கும் புகாருக்கு எடை வேறு. பிளானை மீறிய கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவமனை உரிமம் தருவது மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், அங்கேயும் ஒரு நகல் போடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, முதல்வர் உதவி எண் 1100, இரண்டும் உண்டு. மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

பல அடுக்குப் பார்க்கிங் கட்டினால்?

கட்டட்டும். ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளிக் கட்டிவிட்டு ஆட்டோ வசதி செய்யாவிட்டால் காலில் புண்ணோடு வருபவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலில் ஆஸ்பத்திரி வாசல்களில் நோயாளியை இறக்கிவிட ஐந்து நிமிட இடம் ஒன்றைக் கோடு போட்டு ஒதுக்கினால் போதும். பெயின்ட் செலவுதான்.

ஊருக்கே வராமல் வைத்தியம் பார்க்க வழி இருக்கிறதா?

பிரஷர், சுகர் மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் வருபவர் வரவே வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கி வைத்ததே நம் பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவர்களுக்கான கவனிப்பும் அதில் உண்டு. ஊர் சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். என் வியாபாரத்துக்கு இது நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். நல்லம்பள்ளிப் பெரியவரிடமும் சொன்னேன். சம்சாரத்துக்கு இப்போது மாத்திரை வீட்டுக்கு வருகிறதாம். கட்டு மாற்ற மட்டும் வருகிறார்கள்.

எந்த நேரத்தில் வந்தால் இடம் கிடைக்கும்?

செவ்வாய், புதன், வியாழன் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. லேபும் ஸ்கேனும் அந்த நேரத்தில் காலியாக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவுக்கு என்றால் ஏழரைக்கு முன்னால் வந்துவிடுங்கள், எட்டரைக்கு மேல் சிரமம். டாக்டரை சாயங்காலம்தான் பார்க்க முடியும் என்றால், கிளம்பும் முன் கிளினிக்குக்குப் போன் போட்டு "இப்ப எந்த நம்பர் ஓடுது?" என்று கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டால் சொல்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் கடை வாசலில் வண்டி விடலாமா அண்ணா?

விடுங்கள். ஹேண்டில் லாக் மட்டும் போடாதீர்கள். சரிவில் ஏற்றாதீர்கள். எந்த டாக்டர், எத்தனையாவது நம்பர் என்று கல்லாவில் சொல்லிவிட்டுப் போங்கள், அவசரம் என்றால் பையனை அனுப்பிக் கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேண்டாம், சேலத்திலிருந்து சரக்கு வேன் வரும். அதுவும் ரோட்டில்தான் நிற்கும்.